அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கஸ்பார் என்பவர் ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடத் தொழில். மோல்டு என்கிற அச்சுக்குள் கண்ணாடி நார்த் துணியை விரித்து, ரெசின் என்கிற பிசினைத் தடவி, உருளையால் தேய்த்துக் காற்றை வெளியேற்றுவதில் அவர் கை தனிக் கை என்று மற்ற படகுக் கூடங்களில் வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். அந்தக் கரையில் அவர் கட்டிய படகுகள் நானூறுக்கு மேல் நின்றன.

ஓர் ஆடி மாதத்தில் அதில் ஒன்று கடலில் பிளந்தது.

அது அவருடைய மனைவியின் தம்பி அமலதாசனின் படகு. கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அலைமேல் ஏறி விழுந்த படகின் அடிப்பக்கம் திடீரென்று வாய் திறந்துகொண்டது. அமலதாசனும் கூடப் போனவரும் காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். வேறொரு படகுக்காரர் கண்ணில் பட்டதால் உயிர் தப்பினார்கள். அமலதாசனுக்கு இடது தோள் இறங்கிவிட்டது.

கஸ்பாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமலதாசன்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கடல்னா அப்படித்தான் மச்சான் என்றார். அதுதான் கஸ்பாருக்குத் தாங்கவில்லை.

உடைந்த படகை இழுத்துவந்து கரையில் போட்டார்கள். அவர் ஒரு பகல் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தடவித் தடவிப் பார்த்தார். நார் எங்கேயும் அறுந்திருக்கவில்லை. ரெசினைத் தட்டினால் நல்ல படகு மாதிரியே கணீரென்று கேட்டது. ஆனால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, மழையில் நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகம்போல விரிந்து கிடந்தன.

துணி பழசாக இருந்திருக்கும் என்றார் ரெசின் விற்றவர். ரெசின் சரியில்லாமல் இருந்திருக்கும் என்றார் துணி விற்றவர். பாறையில் மோதியிருக்கும் என்றார் இன்னொருவர். அந்த இடத்தில் பாறையே கிடையாது.

நகரத்தை ஒட்டிய பொறியியல் கல்லூரியில் இந்த மாதிரிப் பொருள்களையே ஆராய்கிற பேராசிரியர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, படகின் அடியில் ஒரு கையகலத் துண்டை வெட்டி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக ஒரு வயதானவரை எதிர்பார்த்துப் போனார். அறையில் இருந்தது முப்பத்தாறு வயதுப் பெண். பெயர் ஃபௌசியா. கஸ்பாரைவிடப் பதினாறு வயது இளையவர்.

அவர் துண்டைக் கையில் வாங்கியதும் ரெசினைப் பற்றியோ துணியைப் பற்றியோ கேட்கவில்லை. படகில் யார் இருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்டார். கஸ்பார் சொன்னார். தோள் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதையும் சொன்னார். பிறகுதான் தான் கொண்டுவந்த கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வந்தது.

“இதுல எது மேடம் உடைஞ்சது?”

ஃபௌசியா துண்டிலிருந்து பட்டையாக ஒரு கீற்றை அறுத்து, இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தின் வாயில் மாட்டினார். இயந்திரம் நீளவாக்கில் இழுத்தது. ஒரு டன்னைத் தாண்டியும் கீற்று அசையவில்லை. அதைக் கழற்றி, ஓரத்தில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு பிளேடைச் செருகி எடுத்துவிட்டு, கஸ்பாரிடம் நீட்டினார்.

“கட்டைவிரலை விட்டு விரிங்க அண்ணாச்சி.”

கஸ்பார் விரித்தார். ஒரு டன்னுக்கு அசையாதது இரண்டு கட்டைவிரலுக்குத் திறந்துகொண்டது.

“நார் அறுந்துதா?”

“இல்ல.”

“ரெசின் நொறுங்குச்சா?”

“இல்ல. எதுவும் உடையல மேடம். பிரிஞ்சு போச்சு.”

“எது?”

“இந்த அடுக்கும் அடுத்த அடுக்கும்.”

“நடுவுல என்ன இருந்தது?”

கஸ்பார் பிரிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாக ஒரு படகுக்கு எத்தனை அடுக்கு, எந்தத் துணி, எவ்வளவு ரெசின் என்று கணக்காகச் செய்திருக்கிறார். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்பி வந்து, நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டார். தானும் பதினோரு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், வியாழக்கிழமைதோறும் வந்தால் சேர்ந்து பார்க்கலாம் என்றும் ஃபௌசியா சொன்னார்.

அப்படித்தான் கஸ்பார் ஐம்பத்திரண்டாவது வயதில் மாணவரானார்.

நடுவில் இருந்தது வெறும் ரெசின். துணியின் நூல்கள் எல்லாம் படுத்தே கிடக்கின்றன. மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குப் போகும் நூல் ஒன்றுகூட இல்லை. இதை அவரே பூதக்கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்றே அடுத்த கேள்வியும் வந்தது. அங்கேயும் நூல் போட்டால் என்ன? ஆனால் அந்த இடம் தலைமயிர் கனம்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய நூலுக்கு எங்கே போவது?

ஃபௌசியா ஒரு கண்ணாடிக் குப்பியை மேஜைமேல் வைத்தார். உள்ளே கறுப்புப் பொடி. விளக்குக் கரி மாதிரி இருந்தது.

“கரிதான் அண்ணாச்சி. குழாய் குழாயா இருக்கிற கரி. ஒரு தலைமயிரோட குறுக்கே இதை ஐயாயிரம் அடுக்கலாம்.”

கஸ்பார் ஆவலில் மூடியைத் திறந்துவிட்டார். தலைக்குமேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஃபௌசியா ஒரே எட்டில் வந்து மூடியைத் திருகினார், விசிறியை நிறுத்தினார். இது மூச்சில் போகக்கூடாத பொருள் என்றும், முகமூடியும் கண்ணாடிப் பெட்டியும் இல்லாமல் இதைத் தொட்டால் அடுத்த வியாழக்கிழமை கிடையாது என்றும் சொல்லி அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தன் கூடத்தில் வேலைக்கு வந்தவர்களை இதே குரலில் எத்தனை தடவை கண்டித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே கஸ்பார் பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் முறையாக முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு கிலோ ரெசினுக்கு எவ்வளவு பொடி போட வேண்டும் என்று கேட்டார்.

“உங்களுக்கு எவ்வளவு போடணும்னு தோணுது?”

கஸ்பார் தாராளமான மனுஷர். படகு பிளந்தபோது நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருந்ததை அவர் கண் மறக்கவில்லை. ஐம்பது கிராம் போட்டார். பஞ்சு மாதிரி லேசான பொடி என்பதால் அதுவே ஒரு செம்பு நிறைய இருந்தது. கலக்கக் கலக்க ரெசின் இறுகி, கடைசியில் கேப்பைக் கூழ் மாதிரி ஆனது. துணியில் இறங்க மறுத்தது. அமுக்கித் தேய்த்து, சோதனைக்கு ஒரு சின்னத் தட்டைச் செய்து முடித்தார். ஃபௌசியா பக்கத்திலேயே நின்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

இயந்திரத்தில் மாட்டி இழுத்தபோது அந்தத் தட்டு, பொடியே போடாத இன்னொரு தட்டைவிடச் சீக்கிரமாகப் பிளந்தது.

கஸ்பார் பிளந்த பாதிகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“சேர்த்ததுக்கு எப்படி மேடம் பலம் குறையும்?”

ஃபௌசியா பிளந்த முகத்தை நுண்ணோக்கியின் கீழே வைத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். கஸ்பார் உட்கார்ந்து குனிந்தார்.

“என்ன தெரியுது?”

“பொடி கட்டி கட்டியா நிக்குது.”

“எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?”

“ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கு.”

“அடுக்கை?”

கஸ்பார் நிமிரவில்லை. “பிடிக்கல,” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் செய்தது பிரிக்கிற வேலை. மூன்று எஃகு உருளைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வேறு வேறு வேகத்தில் சுழலும் இயந்திரம் ஒன்று இருந்தது. ரெசினையும் பொடியையும் அதன் இடுக்கில் விட்டு மறுபக்கம் வழித்தெடுக்க வேண்டும். எடுத்ததை மறுபடி விட வேண்டும். இந்தத் தடவை ஒரு கிலோவுக்கு மூன்று கிராம்தான். தராசில் அதைப் பார்த்தபோது கஸ்பாருக்குச் சிரிப்பு வந்தது. முப்பது அடிப் படகைக் காப்பாற்ற இவ்வளவு போதுமா என்று நினைத்தார், கேட்கவில்லை.

கேட்டது வேறொன்று. இன்னும் எத்தனை தடவை விட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். ஃபௌசியா ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியின் கீழே செருகிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கஸ்பார் பார்ப்பார். கட்டி இருக்கும். மறுபடி விடுவார். ஒன்பதாவது தடவைக்குப் பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டு அவரே சொட்டு வைத்துப் பார்க்கத் தொடங்கினார். பதினான்காவது தடவை, கண்ணாடியில் மை தடவினாற்போல ஒரே சீராகக் கறுப்பு. எங்கேயும் கட்டி இல்லை.

இனித் தட்டு செய்வதுதான் பாக்கி என்று நினைத்தார். அங்கேதான் ஃபௌசியாவின் வேலையே எட்டு மாதமாக நின்றுபோயிருந்தது.

அவருடைய முறை, உலர்ந்த துணிகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, காற்றை உறிஞ்சி, ஒரு பக்கத்திலிருந்து ரெசினை உள்ளே இழுப்பது. சுத்தமான வேலை. ஆனால் தட்டு ஒரு நாள் பலமாக வரும், ஒரு நாள் வராது. ஏன் என்று தெரியவில்லை. அதை மறைக்காமல் கஸ்பாரிடம் சொன்னார். பழைய தட்டுகளையெல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினார்.

கஸ்பார் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரெசின் நுழைந்த பக்கம் நல்ல கறுப்பு. போகப் போகச் சாம்பல். கடைசி ஓரம் ஏறக்குறைய வெளுப்பு.

“மேடம், உங்க துணி டீ வடிகட்டுது,” என்றார்.

ஃபௌசியா தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடியைத் துணி முதலிலேயே பிடித்துவைத்துக்கொண்டு வெறும் ரெசினைத்தான் அந்தப் பக்கம் விட்டிருக்கிறது. எண்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் நிறத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்றார். சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உங்கள் கூடத்தில் எப்படிச் செய்வீர்கள் என்று செய்து காட்டுங்கள் என்று கேட்டார்.

கஸ்பார் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஓர் அடுக்கு துணி. அதன்மேல் தூரிகையால் கறுப்பு ரெசின். உருளையால் தேய்ப்பு. அதன்மேல் அடுத்த அடுக்கு. மறுபடி தூரிகை. ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கான பங்கு அங்கேயே கிடைத்தது. பேராசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்தத் தட்டைப் பிளந்து பார்த்த வியாழக்கிழமையைக் கஸ்பார் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் பொடி போடாத தட்டு. இயந்திரம் இரண்டு அடுக்குகளையும் மெதுவாக மேலும் கீழுமாக இழுத்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். கண் இமைக்கும் முன் விரிசல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிவிட்டது.

பிறகு கறுப்புத் தட்டு. ‘டிக்.’ விரிசல் ஒரு விரற்கடை போய் நின்றது. இயந்திரம் இன்னும் இழுத்தது. கொஞ்சம் போய் மறுபடி நின்றது. கஸ்பார் பூதக்கண்ணாடி வழியாக அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மணி அடித்தது, போகவில்லை. அது ஏன் நிற்கிறது, நின்றது ஏன் மறுபடி போகிறது என்று தெரிந்தாக வேண்டும்போல இருந்தது.

மறுவாரம் பெரிய நுண்ணோக்கியில் எடுத்த படத்தை ஃபௌசியா காட்டினார். விரிசலின் இரண்டு கரைகளுக்கும் நடுவே மெல்லிய இழைகள் குறுக்கே நின்றன. சில இழைகள் ஒரு கரையிலிருந்து பாதி உருவப்பட்டு நீட்டிக்கொண்டிருந்தன. சில முழுதாகவே உருவப்பட்டு, இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும் தெரிந்தது.

கஸ்பாருக்கு முகம் வாடிவிட்டது. “பாதிக்குமேல பிடி நழுவிருச்சே மேடம். இன்னும் கெட்டியாப் பிடிக்க வைக்க முடியாதா?”

ஃபௌசியா இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்தார். ஒன்றின் நுனியைத் தன் விரல்களில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுநுனியைச் சுண்டி இழுக்கச் சொன்னார். காகிதம் சட்டென்று கிழிந்தது. அடுத்ததை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்குள் செருகி, புத்தகத்தின்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு இழுக்கச் சொன்னார். அது கிழியவில்லை. கஸ்பாரின் கையோடு மல்லுக்கட்டி அங்குலம் அங்குலமாக வந்தது. முழுதும் வெளியே வருவதற்குள் அவருக்கு விரல் வலித்தது.

“எது உங்களை அதிகநேரம் நிறுத்தி வெச்சுது?” என்றார் ஃபௌசியா.

கஸ்பார் விரலை நீவிக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தார். துளைகளை எண்ணத் தொடங்கினார்.

பங்குனியில் அமலதாசனின் தோள் தேறியது. எனக்கு ஒரு படகு கட்டு மச்சான், உன் கையாலேயே கட்டு என்று வந்து நின்றார். கஸ்பார் கட்டினார். அடிப்பக்கத்து அடுக்குகள் முழுக்கக் கறுப்பு ரெசின். தூரிகையை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் படகு முடிந்தது. தேவாலயத்துச் சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். தள்ளிவிட ஆட்கள் தோள் கொடுத்து நின்றபோது அமலதாசன் கஸ்பாரைத் தனியே கூப்பிட்டார்.

படகு பிளந்த நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வியை அப்போது கேட்டார்.

“இது உடையாதுல்லா மச்சான்?”

கஸ்பார் படகின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். மந்திரித்த படகு மணலிலேயே நின்றது.

மறுநாள் வியாழக்கிழமை இல்லை. ஆனாலும் அவர் முதல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். ஃபௌசியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இரண்டும் கஸ்பார் கையால் செய்தவை. அலை அடிக்கிற மாதிரி விடாமல் வளைத்து நிமிர்த்தும் இயந்திரத்தில் வெள்ளையை முதலில் மாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் முதல் சத்தம் கேட்டது. கஸ்பார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அதிலிருந்து பதினோரு நிமிடத்தில் தட்டு இரண்டாகத் திறந்துகொண்டது.

கறுப்பை மாட்டினார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு பத்தரை மணிக்கு ஒரு ‘டிக்’. கஸ்பார் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். பதினோரு நிமிடம் கடந்தது. ஒரு மணி நேரம் கடந்தது. ஃபௌசியா வகுப்பெடுக்கப் போய்த் திரும்பி வந்தார். மதியத் தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்தார். இயந்திரம் வளைத்துக்கொண்டே இருந்தது. எப்போதாவது ஒரு ‘டிக்’. அவ்வளவுதான். கஸ்பாருக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. உடையாது என்று போய்ச் சொல்லிவிடலாம் என்று வாக்கியத்தைக்கூட மனதில் அமைத்துவிட்டார்.

மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்களில், முதல் சத்தம் கேட்டு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, கறுப்புத் தட்டும் திறந்துகொண்டது.

ஃபௌசியா இயந்திரத்தை நிறுத்தினார். இரண்டு பாதிகளையும் கழற்றி அவர் கையில் கொடுத்தார். கஸ்பார் அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். விட்டால் விலகின.

“அப்போ இதுவும் உடையும்.”

“உடையும்.”

“உடையாதுன்னு அவன்கிட்ட சொல்ல முடியாது.”

“முடியாது.”

கஸ்பார் பாதிகளை மேஜைமேல் வைத்தார்.

“இதுக்கா மேடம் ஒரு வருஷம் படிச்சேன்?”

ஃபௌசியா அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அமலதாசன் வலை போடுற இடத்துலேருந்து கரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி?”

“காத்து எதிர்த்தா ரெண்டு மணி நேரம்.”

“முதல் சத்தம் கேட்டதும் படகைத் திருப்பச் சொல்லுங்க,” என்றார் ஃபௌசியா. “அதுக்குத்தான் படிச்சீங்க.”